மெத்தையை ஏன் திருப்பி அனுப்பினேன்

என் மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வேனில் ஏற்றி அனுப்பிய மெத்தை, வந்த வேனிலேயே உன்னிடம் திரும்பி வந்திருக்கும். மாடிவரை தூக்கி வந்த இரண்டு பேரையும் உட்காரவைத்து, மோர் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, அப்படியே கீழே கொண்டுபோகச் சொன்னேன். அவர்களில் மூத்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அன்று மாலை நீ போனில் கத்தினாய். "உங்களுக்கு என்னதாம்மா வேணும்?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். நீ கேட்டது நியாயமான கேள்விதான். முதுகு வலிக்கிறது என்று உன்னிடம் சொன்னவளே நான்தான். ஆனால் இதற்கான பதிலைப் போனில் சொல்ல எனக்கு வராது. எழுதினால்தான் என் வாக்கியங்கள் முடிவுக்கு வரும். உறையை ஒட்டாமல் அனுப்புகிறேன். உன் மனைவியும் படிக்கட்டும், பிள்ளைகள் வளர்ந்த பிறகு அவர்களும் படிக்கட்டும். மறைக்க இதில் ஒன்றும் இல்லை. நம் தெருவே பார்த்த விஷயம்தான்.

நான் படித்த கான்வென்டில் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொரு பெண்ணும் தன் இருக்கைக்குக் கீழே குனிந்து பார்க்க வேண்டும். ஒரு பருக்கை, ஒரு பென்சில் சீவல் கிடக்கக் கூடாது. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சிஸ்டர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தை வாழ்நாள் முழுக்க என் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் டைப் அடித்த காலத்தில், என் மேஜையைக் காட்டித்தான் மேனேஜர் மற்றவர்களைத் திட்டுவார். எனக்குப் பெருமையாக இருக்கும். தெருவில் என்னை ஆபீசரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் ஆபீசர் இல்லை, டைப்பிஸ்ட் என்று ஒருநாளும் திருத்தியதில்லை. உன்னையும் அப்படித்தான் வளர்த்தேன். மிட்டாய்த் தாளைத் தெருவில் எறியாமல் சட்டைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவாய். பையன்கள் உனக்குக் 'கார்ப்பரேஷன் தொட்டி' என்று பெயர் வைத்தார்கள். அழுதுகொண்டு வந்தாயே தவிர, தாளை எறியவில்லை. துணி துவைக்கும்போது உன் பையிலிருந்து அந்தத் தாள்களை எடுக்கும்போதெல்லாம் ஒரு நல்ல மனிதனை வளர்த்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வேன். உன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது நான்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் நம் தெரு முனையில் மணல் இருந்தது. கடல் அதைத் தின்றுகொண்டே வந்தது. பிறகு லாரி லாரியாகக் கருங்கல்லைக் கொண்டுவந்து கொட்டினார்கள். வீடுகள் தப்பித்தன. ஆனால் கல்மேடு வந்ததும் தெருவுக்கு ஒரு முதுகுப்புறம் கிடைத்துவிட்டது. மணலில் எதையாவது போட்டால் அது எல்லோர் கண்ணிலும் படும், போட்டவருக்கே கூச்சமாக இருக்கும். கல்லிடுக்கு அப்படியில்லை, விழுங்கிவிடும். மீன் செதிலில் ஆரம்பித்து, பால் கவர், உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, தீபாவளிக் குப்பை என்று எல்லாம் அங்கே போயின. நான் சும்மா இருப்பேனா? அலுவலக டைப்ரைட்டரில் ஒரு நோட்டீஸ் அடித்து, நகல் எடுத்து, வீடுவீடாகக் கொடுத்தேன். ஈ, கொசு, மஞ்சள் காமாலை, குழந்தைகளின் மூச்சிரைப்பு என்று எல்லாவற்றையும் காரண காரியத்தோடு எழுதியிருந்தேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. வாங்கிக்கொண்ட எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாள் குப்பை வழக்கம்போலக் கல்மேட்டுக்குப் போயிற்று.

பிறகு ஒரு நாள் அது நின்றது. உனக்கும் நினைவிருக்கும், நீ அப்போது காலேஜில் இருந்தாய். ஒரே வாரத்தில் தெருப் பெண்கள் சேர்ந்து இடுக்கிடுக்காகப் பொறுக்கிச் சுத்தம் செய்தார்கள். அதன்பின் யாராவது கையில் கவரோடு அந்தப் பக்கம் நடந்தால், கீழ்வீட்டுக் கஸ்தூரியின் குரல் தெருவைக் கிழிக்கும். காசிமேட்டில் விடிகாலையில் ஏலம் எடுத்து, கூடையில் மீன் விற்றுக் குடும்பத்தை நடத்தியவள். அவள் வாய்க்கு யார் பயப்பட மாட்டார்கள்? நான் பெருமையோடு உன் அப்பாவிடம் சொன்னேன், நோட்டீஸ் வேலை செய்யக் கொஞ்சம் நாள் ஆகும், ஆனால் செய்யும் என்று. அவர் சிரித்துக்கொண்டார். துறைமுகத்தில் மூட்டை எண்ணிய டாலி கிளார்க். எதையும் இறங்கிய பிறகுதான் நம்புவார். கொஞ்ச நாள் கழித்துக் கஸ்தூரியே உண்மையைச் சொன்னாள்.

"உன் நோட்டீசு நல்லா கெட்டியா இருந்துச்சு ஆபீசரம்மா. மீன் மடிச்சிக் குடுக்க தோதா இருந்துச்சு," என்றாள். "எம்பொண்ண பாக்க வந்தாங்களே, அந்தச் சம்மந்தி வூட்டுக்காரங்க கர்ச்சீப்பால மூக்கைப் பொத்திகினேதான் உள்ள வந்தாங்க. காபி குடிக்கசொல்லோ கூட ஒரு கைய எடுக்கல. எம்பொண்ணு தட்ட வச்சிகினு அதையே பாத்துகினு நின்னுது."

அந்தப் பெண்ணின் முகத்துக்காகத்தான் தெரு சுத்தமானது. அந்தச் சம்பந்தம் கூடி வந்தது, கல்யாணமும் நன்றாக நடந்தது. மஞ்சள் காமாலையால் முடியாததை ஒரு கைக்குட்டை முடித்தது. அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது, என் நோட்டீசில் மீன் மடித்ததற்காக. நான் யோசித்திருக்க வேண்டியது வேறு. மனிதர்கள் தெரிந்துகொள்வதால் மாறுவதில்லை, யாரோ பார்த்துவிட்டால் மாறுகிறார்கள். அப்படியானால், பார்க்கிறவர்கள் இதைத்தான் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கும் நாளில் அதே மனிதர்கள் என்ன செய்வார்கள்? அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. எனக்கும் உனக்கும் அது வந்து சேர்ந்த நாளைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

நீ மணலித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஃபோம் மெத்தை வாங்கினாய். நீலப் பூப் போட்ட உறை. துறைமுகத்தில் நின்றே தேய்ந்த முதுகு அவருக்கு. முதல்நாள் அதில் படுத்து எழுந்து, "பையன் என்னைத் தண்ணி மேல மிதக்கவிட்டுட்டான்" என்று சொன்னார். பிறகு அவர் படுத்த படுக்கையாகக் கிடந்ததும் அதில்தான், போனதும் அதில்தான். நீ கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பிரிவில் இருந்தாய். பள்ளிக்கூடங்களுக்குப் போய், எது மக்கும், எது மக்காது என்று பிள்ளைகளுக்குப் படம் காட்டிச் சொல்லிக்கொடுத்தாய். ஃபோம் மக்காது என்பது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அப்பா போன மறுநாள். நீங்கள் பால் ஊற்றிவிட்டுத் திரும்பி வந்திருந்தீர்கள். கூடம் முழுக்கச் சொந்தக்காரர்கள். நான் ஜன்னலருகே பாயில் உட்கார்ந்திருந்தேன், கஸ்தூரி என் பக்கத்தில். என் அண்ணன், உன் பெரிய மாமா, உள் அறையை எட்டிப் பார்த்தார். "மெத்தைய இன்னும் எதுக்கு வீட்ல வச்சிருக்கீங்க? எடுத்துப் போடுப்பா," என்றார். எங்கே போடுவது என்று யாரும் கேட்கவில்லை. செத்தவர் படுக்கை கல்மேட்டைத் தாண்டிக் கடலுக்குப் போகும் என்று நம் தெருவில் குழந்தைக்கும் தெரியும். எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீடாக இருந்தாலும் இதில் வித்தியாசம் இல்லை. நீ ஒரு நொடி என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. மிட்டாய்த் தாளோடு வீட்டுக்குள் நுழையும்போது பார்ப்பாயே, அதே பார்வை. வாசலில் நிற்பவள் என்ன சொல்கிறாள் என்று கேட்கும் பார்வை.

நான் வாயைத் திறந்தேன். அப்போது எனக்கு மெத்தை நினைவுக்கு வரவில்லை, கடல் நினைவுக்கு வரவில்லை. கூடத்தில் இருந்த முகங்கள்தான் தெரிந்தன. 'புருஷன் சாம்பல் ஆறல, மெத்தைக்குக் கணக்குப் பாக்குறா' என்று ஒரு குரல் எனக்குள் கேட்டது. யாரும் அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்களா என்றுகூடத் தெரியாது. ஆனால் அந்தக் குரல் என் வாயை மூடிவிட்டது. நீ குனிந்தாய். ஆட்டோ ஓட்டும் டில்லி மறுமுனையைப் பிடித்தான். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்மேட்டின் உச்சியில் நின்று, ஆட்டி ஆட்டி வீசினீர்கள். அது எடையில்லாமல் விரிந்து விழுந்தது.

மற்றவர்கள் வீட்டுப் பாயும் தலையணையும் கொஞ்ச நாளில் கடலோடு போய்விடும். அல்லது பஞ்சு பிரிந்து, மழையில் நைந்து, ஒன்றுமில்லாமல் ஆகும். உன் முதல் சம்பளம் அப்படிப் போகவில்லை. அலை அதைத் தூக்கும், இறக்கும், திரும்ப அதே இடுக்கில் செருகும். காலையில் ஜன்னலைத் திறந்தால் நீலப் பூ தெரியும். நான் ஜன்னலைச் சாத்தி வைத்துப் பார்த்தேன், புழுக்கம் தாங்கவில்லை. யாரையாவது விட்டு எடுக்கச் சொல்லலாம் என்றால், எடுத்து எங்கே வைப்பது? குப்பை லாரிக்காரரிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். மெத்தை எல்லாம் ஏத்த மாட்டோம், அதுவும் சாவு மெத்தை, பசங்க தொட மாட்டாங்க என்றார். வீட்டுக்குள் திரும்ப வர முடியாத பொருள் அது. வெளியே போகவும் அதற்கு இடம் இல்லை.

தெருவில் ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கஸ்தூரி கவரோடு போகிறவர்களைத் திட்டுவதைக் குறைத்துக்கொண்டாள். பிறகு விட்டுவிட்டாள். ஒரு நாள் டில்லி ஒரு கிழிந்த ஆட்டோ சீட்டைத் தோளில் வைத்துக்கொண்டு கல்மேட்டுக்குப் போனான். நான் மாடியிலிருந்து பழைய குரலில் கூப்பிட்டேன். அவன் நின்று, மரியாதையாகவே நிமிர்ந்து பார்த்தான்.

"ஐயா மெத்தை தனியா கீதும்மா," என்றான். "அதுக்கொரு தோஸ்து."

கீழே இருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. எனக்கேகூட ஒரு கணம் சிரிப்பு வந்தது. உன் அப்பா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். ஆனால் அன்றிலிருந்து அந்தத் தெருவில் யாரையும் எதையும் கேட்கும் இடம் எனக்கு இல்லாமல் போயிற்று. இப்போது கல்மேடு எப்படி இருக்கிறது என்று நீயே பார்க்கிறாய். மூக்கைப் பொத்திக்கொண்டு வரச் சம்பந்தி வீட்டார்கூட இப்போது வருவதில்லை, எல்லாக் கல்யாணமும் மண்டபத்திலேயே பேசி முடிகிறது.

போன வருடம் நீ வந்திருந்தபோது, இதைப் பற்றிப் பேச்செடுத்தேன். நீ ஜன்னலில் நின்று, மணலிப் பக்கம் தொழிற்சாலைக் குழாய்த் தீயால் வானத்தில் தெரிந்த சிவப்பைக் காட்டினாய். "அம்மா, அங்க ஒரு நாளைக்கு வெளிய விடுறத நீங்க பாத்தா இந்த மெத்தையப் பத்திப் பேசவே மாட்டீங்க. இது தூசி," என்றாய். நீ பொய் சொல்லவில்லை. அந்தச் சிவப்புக்கு முன்னால் ஒரு மெத்தை தூசிதான். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். நீ அதைச் சொன்னபோது உன் குரலில் வருத்தம் இல்லை, ஒரு நிம்மதி இருந்தது. பெரிய அழுக்கு ஒன்று கண்ணெதிரே நிற்பது நமக்கு எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது! அங்கே வேலை செய்யும் மற்றவர்கள் எதைக் காட்டி நிம்மதி அடைகிறார்களோ. நம் கல்மேட்டைக் காட்டுகிறார்களோ என்னவோ.

இப்போது நீ அனுப்பிய மெத்தைக்கு வருகிறேன். நல்ல மெத்தை. உன் அப்பாவுடையதைவிடக் கனமானது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அதை வாசலில் பார்த்ததும் எனக்கு முதுகுவலி நினைவுக்கு வரவில்லை. அது எந்தக் கல்லிடுக்கில் போய்ச் செருகிக்கொள்ளும் என்றுதான் தோன்றியது. என் வயதில் ஒரு மெத்தை வாங்கினால், அது என்னைவிட அதிக நாள் இருக்கும். அதனால்தான் திருப்பினேன். உன் மனைவியிடம், எனக்கு ஒரு பாய் போதும் என்று சொன்னேன். அவள் தங்கமான பெண், மறுநாளே கொடுத்தனுப்பினாள். மயில் படம் போட்ட பிளாஸ்டிக் பாய். கோரை முதுகில் குத்தும் அத்தை, இது வழவழப்பு, துடைத்தாலே போதும் என்று போனில் சொன்னாள். நான் நன்றாக இருக்கிறது என்றேன். வேறு என்ன சொல்வது?

கோரைப்பாய்க்காக வண்ணாரப்பேட்டை வரை போனேன். நான் வழக்கமாகப் போகும் பாய் கடையில் எல்லாம் பளபளவென்று சுருட்டி நிறுத்தியிருந்தது. கடைக்காரர் என்னைப் பல வருடமாகத் தெரிந்தவர். "கோரை யாரும்மா இப்பக் கேக்குறாங்க?" என்று சொல்லிக்கொண்டே ஏணி போட்டு ஏறி, பரண் மேலிருந்து ஒன்றைத் தூசி தட்டி இறக்கினார். பிரித்துப் பார்த்தேன். கோரை நல்ல கோரை. ஆனால் அதைக் கோத்திருந்த நூல் வெயிலில் மினுங்கியது. என் கண் எங்கே போகிறது என்று அவர் பார்த்துவிட்டார்.

"நூலு மட்டும் நைலான்மா. பருத்தி நூல்ல கட்டுனது இப்ப வர்றதே இல்ல," என்றார். பிறகு, தன்னுடைய தவறு என்பது போலக் குரலைத் தாழ்த்தி, "நீங்க படுக்குறதுக்குத்தானே?" என்று கேட்டார்.

படுப்பதற்குத்தான் என்று சொல்லி வாங்கிவந்தேன். அதில்தான் இப்போது படுக்கிறேன். எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. முதுகு முன்பைவிட அதிகமாகத்தான் வலிக்கிறது, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

கஸ்தூரியிடம் நேற்று கேட்டேன். நான் போன பிறகு அந்தப் பாயை அவள் எடுத்துத் துவைத்து, வெயிலில் போட்டு வைத்துக்கொள்வாளா என்று. நான் முதலில் போவேன் என்று யார் சொன்னது, அவள் கூடையை யார் தூக்குவது என்று கேலி செய்தாள். நான் விடவில்லை. சிரிப்பை நிறுத்தினாள். "செத்தவங்க பாயில நான் எப்டிம்மா படுப்பேன்?" என்றாள். சரி, படுக்க வேண்டாம், கல்மேட்டில் போடாதீர்கள் என்று என் வீட்டாரிடம் சொல்லவாவது செய்வாயா என்று கேட்டேன். தெருவையே வாயால் ஆண்டவள் அவள். தன் கூடையை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"அந்த நேரத்துல எனக்கு வாய் வராதும்மா," என்றாள்.

இதற்குமேல் நான் யாரைக் கேட்பது? உன்னிடம் சத்தியம் வாங்கலாம், நீயும் செய்வாய். இன்றைக்கு அது உண்மையான சத்தியமாகவே இருக்கும். ஆனால் அன்றைக்குக் கூடம் நிறைந்திருக்கும்போது உனக்குள் பேசுவது உன் குரலாக இருக்காது என்று எனக்குத் தெரியும். பாயே வேண்டாம், வெறும் தரையில் படுக்கிறேன் என்றாலும் தலையணையைத் தேடி எடுப்பார்கள். தலையணையும் இல்லாவிட்டால் என் புடவையை எடுப்பார்கள். போட வேண்டும் என்று வந்துவிட்டால் போட ஏதாவது அகப்படும்.

ஆகவே சத்தியம் வேண்டாம். ஒன்று மட்டும் செய். பெரிய மாமாவோ, அவர் இல்லாவிட்டால் அவர் இடத்தில் நிற்கும் வேறு யாரோ, எடுத்துப் போடுப்பா என்று சொல்வார்கள். உடனே குனிந்துவிடாதே. பாய்தான், கனமில்லை, யார் வேண்டுமானாலும் தூக்கலாம். நீ என்னைத் தேடிப் பார்ப்பாய், வாசலில் நான் இருக்க மாட்டேன். போய் ஜன்னலருகே நில், அன்று நான் உட்கார்ந்திருந்த இடத்தில். நீலப் பூ உறை என்றோ கிழிந்துவிட்டது, ஆனால் உன் அப்பா மெத்தையில் மிச்சமிருப்பது அங்கிருந்து தெரியும். வாய் வந்தால் ஒரு வார்த்தை சொல். வராவிட்டால், அந்த வார்த்தை தொண்டையில் எங்கே நின்றுவிட்டது என்று மட்டும் கவனி. எனக்கும் அங்கேதான் நின்றது.

அம்மா